அரியணை வேண்டாத அதிபர் ஜார்ஜ் வாஷிங்டன்

பதவியைத் தேடி அலைந்தவர்களின் கதைகள் உலக வரலாற்றில் எண்ணிறந்தவை. கையில் இருந்த பதவியை எவரும் கேளாதபோதே திருப்பித் தந்தவர்களின் கதைகள் மிகச் சிலவே. அச்சிலருள் முன்வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் முதல் அதிபரான ஜார்ஜ் வாஷிங்டன் ஆவார். அவர் 1783-ஆம் ஆண்டில் படைத்தலைமையைத் திருப்பித் தந்தார். 1797-ஆம் ஆண்டில் நாட்டின் தலைமையையே திருப்பித் தந்தார்.

நாளிதழைப் புரட்டினால் அமெரிக்க அதிபர் என்ற சொல் நம் கண்ணிற் படாத நாள் அரிது. அப்பதவிக்கு உரிய அதிகாரங்கள் யாவை? அவற்றுக்கு எல்லை வகுத்தவர் யார்? இவ்வினாக்களுக்கு விடை காண வேண்டுமாயின், அப்பதவியில் முதன்முதல் அமர்ந்தவரின் வாழ்வை நாம் அறிதல் வேண்டும். அவர் வாழ்வில் ஒளியும் உண்டு, நிழலும் உண்டு. இரண்டையும் மறையாது கூறுவதே முறையாகும்.

இளமைப் பருவம்

ஜார்ஜ் வாஷிங்டன் 1732-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 22-ஆம் நாள் வர்ஜீனியாவில் பிறந்தார். அந்நாளில் அமெரிக்கா என்றொரு தனி நாடு இல்லை. பிரிட்டிஷ் மன்னரின் ஆட்சிக்கு உட்பட்ட குடியேற்றங்களே இருந்தன. அவற்றுள் ஒன்று வர்ஜீனியா. தந்தையார் அகஸ்டின் புகையிலைத் தோட்டம் உடையவர். தாயார் பெயர் மேரி.

ஜார்ஜ் தம் 11-ஆம் வயதில் தந்தையை இழந்தார். மூத்த தாரத்துப் பிள்ளைகளாகிய அவருடைய அண்ணன்மார் இருவரும் இங்கிலாந்துக்குச் சென்று கல்வி கற்றவர்கள். தந்தையார் மறைந்துவிட்டமையால் ஜார்ஜுக்கு அவ்வாய்ப்புக் கிட்டவில்லை. கல்லூரி வாயிலை அவர் மிதித்ததே இல்லை. ஆயினும் கற்கும் ஆர்வம் குன்றவில்லை. கணக்கையும் நில அளவையையும் ஊன்றிக் கற்றார். 17-ஆம் வயதிலேயே கல்பெப்பர் மாவட்டத்தின் நில அளவையாளராக அமர்ந்து, காட்டிலும் மேட்டிலும் அலைந்து தம் உழைப்பால் பொருள் ஈட்டினார்.

சிறுவன் வாஷிங்டன் தந்தையாரின் செர்ரி மரத்தைக் கோடரியால் வெட்டிவிட்டு, பின்னர் அஞ்சாது உண்மையைக் கூறினான் என்றொரு கதையை நம்மில் பலர் கேட்டிருப்போம். அக்கதைக்குச் சான்று ஏதும் இல்லை. வாஷிங்டன் மறைந்த பின்னர் வீம்ஸ் என்பவர் எழுதிய நூலின் 1806-ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் அது முதன்முதல் இடம்பெற்றது. வாய்மையின் பெருமையை விளக்குவதற்குப் புனைகதை ஒன்று துணைக்கு அழைக்கப்பட்டது விந்தையே. வாஷிங்டனின் பெருமைக்கு அக்கதை தேவையும் இல்லை. நடந்த நிகழ்ச்சிகளே போதும்.

1751-ஆம் ஆண்டில், நோயுற்றிருந்த அண்ணன் லாரன்ஸுடன் அவர் பார்படோஸ் தீவுக்குச் சென்றார். அங்கே அவரைப் பெரியம்மை தாக்கியது. உயிர் பிழைத்தார், முகத்தில் தழும்புகள் நின்றன. அந்நோயின் கொடுமையைத் தம் உடலால் உணர்ந்தவர் ஆதலின், பின்னாளில் படைத்தலைவரானபோது, 1777-ஆம் ஆண்டில், படைவீரர் அனைவருக்கும் அம்மை குத்தும்படி கட்டளையிட்டார். பகைவரின் குண்டுக்கு இரையாகாமலே மடிந்திருக்கக்கூடிய வீரர் பலர் அதனால் உயிர் பிழைத்தனர்.

அண்ணன் லாரன்ஸ் 1752-ஆம் ஆண்டில் மறைந்தார். போட்டோமாக் ஆற்றங்கரையில் இருந்த அவருடைய மவுண்ட் வெர்னன் தோட்டம் நாளடைவில் வாஷிங்டனின் உடைமையாயிற்று. இதற்கிடையே அவர் வர்ஜீனியப் படையிற் சேர்ந்து பிரெஞ்சுக்காரருடன் போரிட்டார். 1754-ஆம் ஆண்டில் ஒரு கோட்டையைக் காக்க இயலாமல் சரணடைந்தார். 1755-ஆம் ஆண்டுப் போரில் அவர் ஏறியிருந்த குதிரைகள் இரண்டு சுடப்பட்டு வீழ்ந்தன. அவர் சட்டையைக் குண்டுகள் துளைத்துச் சென்றன. அவர்மீது காயம் ஒன்றும் படவில்லை. தோல்வியைத் தாங்கும் மனத்திண்மை அவருக்கு இளமையிலேயே வாய்த்தது. 1759-ஆம் ஆண்டில், இரு குழந்தைகளுக்குத் தாயான மார்த்தா என்னும் கைம்பெண்ணை மணந்தார். அவருக்கெனப் பிள்ளைப்பேறு இல்லை. மார்த்தாவின் குழந்தைகளையே தம் குழந்தைகளாக வளர்த்தார்.

விடுதலைப் போர்

குடியேற்ற மக்களுக்குப் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் உறுப்பினர் எவரும் இல்லை. ஆயினும் அந்நாடாளுமன்றம் அவர்கள்மீது வரிமேல் வரி விதித்தது. தம்மைக் கேளாது விதிக்கும் வரியைத் தாம் செலுத்துவதில்லை என மக்கள் கொதித்தெழுந்தனர். 1773-ஆம் ஆண்டில் பாஸ்டன் துறைமுகத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தேயிலைப் பெட்டிகள் கடலில் வீசப்பட்டன. 1775-ஆம் ஆண்டில் போர் மூண்டது. குடியேற்றங்களின் பேராளர்கள் கூடிய காங்கிரஸ், அவ்வாண்டு ஜூன் 15-ஆம் நாள் வாஷிங்டனைப் படைத்தலைவராகத் தேர்ந்தெடுத்தது. சம்பளம் தமக்கு வேண்டா எனவும், செலவுக் கணக்கை மட்டும் ஒப்படைப்பதாகவும் அவர் கூறிவிட்டார்.

அவருக்குக் கிடைத்த படையோ உழவரும் கைவினைஞரும் நிறைந்தது. உடையும் உணவும் வெடிமருந்தும் குறைந்தது. தோல்விகள் தொடர்ந்தன. 1776-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள் இரவு, பனிக்கட்டிகள் மிதந்த டெலவேர் ஆற்றைப் படகுகளிற் கடந்து, மறுநாட் காலையில் டிரென்டன் நகரில் இருந்த எதிரிப்படையைத் திடீரெனத் தாக்கி வென்றார். சோர்ந்திருந்த நாட்டுக்கு அவ்வெற்றி உயிரூட்டியது. அடுத்த ஆண்டின் குளிர்காலத்தை அவர் படை வேலி போர்ஜ் என்னுமிடத்திற் கழித்தது. அங்கே போரே நடவாமல், நோயால் மட்டும் ஏறக்குறைய 2,000 பேர் மாண்டனர். படை கலைந்துவிடும் எனப் பலரும் எண்ணினர். அது கலையவில்லை. தலைவர் உடனிருந்தமையே அதற்குக் காரணமாகும்.

1781-ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில், பிரெஞ்சுப் படையின் துணையுடன் யார்க்டவுன் நகரை முற்றுகையிட்ட வாஷிங்டனிடம் பிரிட்டிஷ் தளபதி காரன்வாலிஸின் படை சரணடைந்தது. பின்னாளில் இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக வந்து திப்பு சுல்தானுடன் போரிட்டவர் அந்தக் காரன்வாலிஸே ஆவார். 1783-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் உடன்படிக்கை ஏற்பட்டு, அமெரிக்கா விடுதலை பெற்றது.

வாளைத் திருப்பித் தந்த வெற்றி வீரர்

போரில் வென்ற தளபதிகள் அடுத்து என்ன செய்வார்கள் என்பதை வரலாறு நமக்குக் காட்டியுள்ளது. ரோமாபுரியில் ஜூலியஸ் சீசரும், இங்கிலாந்தில் குரோம்வெல்லும் படைவலிமையால் ஆட்சியைக் கைப்பற்றினர். வாஷிங்டனும் அவ்வாறு செய்யக்கூடும் எனப் பலர் எதிர்பார்த்தனர். சிலர் விரும்பவும் செய்தனர். 1782-ஆம் ஆண்டில், அவர் மன்னராக வேண்டும் என்னும் கருத்துப்பட நிக்கோலா என்னும் படை அதிகாரி அவருக்குக் கடிதம் எழுதினார். வாஷிங்டன் அதனைப் படித்து வருந்தி, அவ்வெண்ணத்தை அறவே விடுமாறு கடிந்து மறுமொழி விடுத்தார்.

1783-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் மற்றொரு சோதனை வந்தது. மாதக்கணக்கில் சம்பளம் பெறாத அதிகாரிகள், காங்கிரசை அச்சுறுத்திப் பணம் பெறலாமா என்று கூடிப் பேசினர். வாஷிங்டன் அக்கூட்டத்திற்குச் சென்றார். அவர் ஆற்றிய உரை அவர்களைப் பெரிதும் அசைக்கவில்லை. பின்னர்க் கடிதம் ஒன்றைப் படிக்க முற்பட்டார், எழுத்துத் தெரியவில்லை. சட்டைப் பையிலிருந்து மூக்குக் கண்ணாடியை எடுத்து அணிந்து, நாட்டுக்கு உழைத்து உழைத்துத் தம் பார்வையும் மங்கிவிட்டதை மெல்லக் கூறினார். தம் தலைவர் கண்ணாடி அணிந்து அவர்களுள் பலர் அதுவரை கண்டதில்லை. அங்கிருந்தோர் கண்கள் கலங்கின. கிளர்ச்சி எண்ணம் அக்கணமே கரைந்தது.

அவ்வாண்டு டிசம்பர் 23-ஆம் நாள், அன்னபோலிஸ் நகரில் கூடியிருந்த காங்கிரசின் முன் நின்று, தம்மைப் படைத்தலைவராக்கிய ஆணையை அவர் திருப்பி ஒப்படைத்தார். கிறிஸ்மஸ் பெருநாளுக்கு வீடு போய்ச் சேர்ந்தார். படை, மக்கள் பேராளர்க்குக் கட்டுப்பட்டது என்னும் நெறி அன்று அந்நாட்டில் வேரூன்றியது.

அதிபர் பதவி பிறந்த கதை

விடுதலை கிடைத்துவிட்டது, ஆனால் நாடு ஒன்றுபடவில்லை. 13 மாநிலங்களும் தனித்தனி வழியில் நடந்தன. காங்கிரசுக்கு வரி விதிக்கும் உரிமை இல்லை. நாடு முழுமைக்கும் ஆணையிடும் தலைவரும் இல்லை, நீதிமன்றமும் இல்லை. மாசசூசெட்ஸில் கடன் தொல்லை தாளாத உழவர்கள் 1786-ஆம் ஆண்டில் ஆயுதம் ஏந்தினர். இந்நிலை நீடித்தால் பெற்ற விடுதலையும் பாழாகும் எனச் சான்றோர் அஞ்சினர்.

எனவே 1787-ஆம் ஆண்டு மே திங்களில் பிலடெல்பியா நகரில் மாநாடு ஒன்று கூடியது. 55 பேராளர்கள் அதில் பங்குகொண்டனர். வாஷிங்டன் அதற்குத் தலைமை தாங்கினார். நாட்டுக்கு ஒரு தலைவர் வேண்டுமா, மூவர் வேண்டுமா? அவரை யார் தேர்ந்தெடுப்பது? எத்தனை ஆண்டுகள் அவர் இருக்கலாம்? வழக்காடல் பல வாரங்கள் நீடித்தது. மன்னராட்சியின் கொடுமையை இப்போதுதான் நீக்கியவர்கள், மற்றொரு மன்னரைத் தாமே உண்டாக்கிவிடுவோமோ என அஞ்சியதில் வியப்பில்லை. அதே வேளையில், வலிமையற்ற தலைவரால் நாட்டைக் காக்க இயலாது என்பதையும் உணர்ந்திருந்தனர். தலைமை இருக்கையில் வாய்மூடி அமர்ந்திருந்த வாஷிங்டனே முதல் அதிபர் ஆவார் என்று அவர்களுள் பலர் எண்ணினர். அவர்மீது கொண்டிருந்த நம்பிக்கையினாலேயே அப்பதவிக்குப் பெரும் அதிகாரங்களை வழங்கத் துணிந்தனர். செப்டம்பர் 17-ஆம் நாள் 39 பேராளர்கள் அரசமைப்புச் சட்டத்தில் கையொப்பமிட்டனர்.

அடுப்புக்கு மூன்று கல் வேண்டும் என்பது நாம் அறிந்ததே. ஒரு கல் சாய்ந்தால் பானை கவிழும். அமெரிக்க ஆட்சியும் அவ்வாறே மூன்று கற்களின்மேல் நிற்கிறது. சட்டம் இயற்றுவது காங்கிரஸ். அதனை நிறைவேற்றுபவர் அதிபர். வழக்குகளைத் தீர்ப்பது நீதிமன்றம். காங்கிரசில் செனட் சபை, பிரதிநிதிகள் சபை என இரு சபைகள் உள்ளன.

அதிபரே முப்படைகளுக்கும் தலைவர். ஆனால் போர் அறிவிக்கும் உரிமை காங்கிரசுக்கே உண்டு. பிற நாடுகளுடன் அவர் உடன்படிக்கை செய்துகொள்ளலாம். ஆனால் செனட் சபையில் மூன்றில் இரு பங்கினர் இசைய வேண்டும். அமைச்சர்களையும் நீதிபதிகளையும் தூதர்களையும் அவர் நியமிக்கலாம். அதற்கும் செனட் சபையின் ஒப்புதல் வேண்டும். காங்கிரஸ் இயற்றிய சட்டம் தமக்கு உடன்பாடில்லையாயின் அதனைத் திருப்பி அனுப்பலாம். இரு சபைகளிலும் மூன்றில் இரு பங்கினர் மீண்டும் ஆதரித்தால் அவர் மறுப்பையும் மீறி அது சட்டமாகும். நாட்டுச் சட்டத்தை மீறிய குற்றவாளிகளுக்கு அவர் மன்னிப்பு வழங்கலாம். ஆனால் காங்கிரஸ் ஒதுக்காத பணத்தில் ஒரு காசையும் அவர் செலவிட இயலாது. பெருங்குற்றம் இழைத்தால் பிரதிநிதிகள் சபை அவர்மீது குற்றம் சாட்டலாம். செனட் சபை விசாரித்துப் பதவியிலிருந்து நீக்கலாம். ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் கணக்குப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு இது.

நம் மலேசியாவில் பேரரசர் நாட்டின் தலைவர். பிரதமர் அரசாங்கத்தின் தலைவர். பிரதமர் நாடாளுமன்றத்தில் உறுப்பினராக அமர்ந்து, அதன் நம்பிக்கையைப் பெற்று ஆட்சி புரிகிறார். அமெரிக்காவில் அவ்விரு பொறுப்பும் ஒருவரிடமே உள்ளன. ஆனால் அவர் காங்கிரசில் உறுப்பினராக இருத்தல் ஆகாது. அவரது பதவிக்காலம் 4 ஆண்டுகள். அவர் பிறப்பால் அமெரிக்கக் குடிமகனாகவும், 35 வயது நிரம்பியவராகவும், 14 ஆண்டுகள் அந்நாட்டில் வாழ்ந்தவராகவும் இருத்தல் வேண்டும். அவரைத் தேர்ந்தெடுப்போர் ஒவ்வொரு மாநிலத்தின் சார்பிலும் வாக்களிக்கும் தேர்வாளர்கள் ஆவர். இன்று தேர்வாளர் தொகை 538. அவர்களுள் 270 பேரின் வாக்கைப் பெறுபவரே அதிபர்.

முதல் அதிபர்

1789-ஆம் ஆண்டில் முதல் தேர்தல் நடைபெற்றது. வாக்களித்த 69 தேர்வாளர்களும் ஒருவர் தவறாமல் வாஷிங்டனையே தேர்ந்தெடுத்தனர். நிலம் மிகுதியாக இருந்தும் கையிற் பணம் இல்லாமையால், கடன் வாங்கிக்கொண்டே அவர் அந்நாளைய தலைநகரான நியூயார்க்குக்குப் பயணமானார். ஏப்ரல் 30-ஆம் நாள், உள்நாட்டில் நெய்த பழுப்பு நிற ஆடை அணிந்து, மக்கள் காணப் பதவி உறுதிமொழி எடுத்துக்கொண்டார்.

சட்டம் வீட்டிற்கு வரைபடம் போன்றது. வீட்டைக் கட்டி அதில் குடிபுகுந்து காட்டுபவர் வேறொருவர். வாஷிங்டன் செய்யும் ஒவ்வொரு செயலும் பின்வருவோர்க்கு வழக்கமாகிவிடும் நிலை இருந்தது. அதனை அவர் நன்கு உணர்ந்திருந்தார்.

அதிபரை எவ்வாறு அழைப்பது என்னும் வினா முதலில் எழுந்தது. மன்னர்க்குரிய மேன்மைப் பட்டங்களைச் செனட் சபையினர் சிலர் விரும்பினர். பிரதிநிதிகள் சபை அதனை ஏற்கவில்லை. ஈற்றில் அடைமொழி ஏதுமின்றி, ஐக்கிய நாடுகளின் அதிபர் என்னும் எளிய பெயரே நிலைத்தது.

அமைச்சரவை என்றோர் அவையைப் பற்றி அரசமைப்புச் சட்டம் கூறவில்லை. துறைத்தலைவர்களிடம் எழுத்து மூலம் கருத்துக் கேட்கலாம் என்று மட்டுமே கூறுகின்றது. வாஷிங்டன் வெளியுறவுக்கு ஜெபர்சனையும், நிதிக்கு ஹாமில்டனையும், போர்த்துறைக்கு நாக்ஸையும், சட்டத்துறைக்கு ராண்டால்பையும் அமர்த்தினார். நாளடைவில் அவர்களை ஒருங்கே கூட்டிக் கலந்து பேசினார். அதுவே அமைச்சரவையாக வளர்ந்தது. ஜெபர்சனும் ஹாமில்டனும் எலியும் பூனையுமாக இருந்தனர். 1791-ஆம் ஆண்டில் தேசிய வங்கி அமைக்கும் சட்டம் வந்தபோது, அது கூடாது என ஒருவரும் வேண்டும் என மற்றவரும் எழுதித் தந்தனர். இரண்டையும் படித்து ஆராய்ந்த பின்னரே அதிபர் கையொப்பமிட்டார். தம் கருத்துக்கு மாறானவரையும் அருகில் வைத்துக்கொள்ளும் பெருந்தன்மை அவரிடம் இருந்தது.

சட்டத்தைத் திருப்பி அனுப்பும் அதிகாரத்தை அவர் 1792-ஆம் ஆண்டில் முதன்முதலாகப் பயன்படுத்தினார். மாநிலங்களுக்குப் பிரதிநிதிகளைப் பங்கிடும் சட்டம் அரசமைப்புக்கு மாறாக இருந்தமையே காரணமாகும். 8 ஆண்டுகளில் இருமுறை மட்டுமே அவ்வதிகாரத்தை அவர் கையாண்டார்.

1794-ஆம் ஆண்டில் பெரும் சோதனை ஒன்று நேர்ந்தது. மேற்குப் பென்சில்வேனியாவின் உழவர்கள், மலை கடந்து தானியத்தைக் கொண்டுசெல்வது அரிது ஆதலின், அதனை விஸ்கி மதுவாக்கி விற்று வந்தனர். அம்மதுவின் மீது விதித்த வரியைச் செலுத்த மறுத்து, வரி அதிகாரி ஒருவரின் வீட்டுக்குத் தீ வைத்தனர். வாஷிங்டன் உடனே படையை ஏவவில்லை. சட்டத்தை வேறு வழியில் நிறைவேற்ற இயலாது என்று நீதிபதி ஒருவர் சான்று அளித்தாலன்றிப் படை திரட்டலாகாது என அந்நாளைய சட்டம் கூறியது. அச்சான்றைப் பெற்றார். சமாதானம் பேசத் தூதுக்குழு அனுப்பினார். அதன் பின்னரே ஏறக்குறைய 13,000 வீரர்களைத் திரட்டிப் பாதி வழிவரை தாமே உடன் சென்றார். படையைக் கண்ட கிளர்ச்சியாளர் எதிர்த்து நில்லாது கலைந்தனர். தேசத் துரோகக் குற்றம் சாட்டப்பட்டுத் தூக்குத் தண்டனை பெற்ற இருவரையும் அவர் மன்னித்துவிட்டார். வலிமையைக் காட்டவும், காட்டிய பின் இரங்கவும் அவர் அறிந்திருந்தார்.

நிழல் படிந்த பக்கம்

இனி, அப்பெருமகனின் வாழ்வில் படிந்த நிழலையும் நாம் காண வேண்டும். தோட்டத்தில் உழைத்து வாழும் நம் மக்கள் அறிய வேண்டிய பகுதி இதுவே.

மவுண்ட் வெர்னன் ஏறக்குறைய 8,000 ஏக்கர் பரப்புள்ளது. அது ஐந்து பண்ணைகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. முதலில் புகையிலையும் பின்னர்க் கோதுமையும் அங்கு விளைந்தன. அவற்றை விளைவித்தவர்கள் ஆப்பிரிக்க வழிவந்த அடிமைகள். 1799-ஆம் ஆண்டுக் கணக்கின்படி அங்கிருந்த அடிமைகள் 317 பேர். ஞாயிறு நீங்கலாக வாரத்தில் ஆறு நாளும், கதிரவன் எழுவது முதல் விழுவது வரை அவர்கள் உழைத்தனர். தோட்ட வாழ்வின் அருமையும் கொடுமையும் நம் பெற்றோர்க்கும் பாட்டன் பாட்டியர்க்கும் நன்கு தெரியும். மவுண்ட் வெர்னனில் உழைத்தவர்களுக்கோ சம்பள நாள் என்பதே இல்லை; வேலையை விட்டு விலகும் உரிமை இல்லை; பெற்ற பிள்ளையும் தமக்கு உரியது இல்லை.

அதிபரான பின்னர் அவர் அடிமைகள் சிலரைத் தம் வீட்டு வேலைக்கென அழைத்துச் சென்றார். 1790-ஆம் ஆண்டில் தலைநகர் பிலடெல்பியாவுக்கு மாறியது. பென்சில்வேனியாச் சட்டப்படி, அங்கு ஆறு திங்கள் தொடர்ந்து தங்கிய அடிமைகள் விடுதலை கோர இயலும். ஆகவே அக்காலம் நிறைவதற்கு முன்னரே அவர்களை வெளியே அனுப்பி மீண்டும் அழைத்துக்கொள்ளும் சூழ்ச்சியை வாஷிங்டன் கையாண்டார். 1796-ஆம் ஆண்டு மே திங்களில், மார்த்தா அம்மையாரின் பணிப்பெண் ஓனா ஜட்ஜ், குடும்பத்தார் உணவருந்திக்கொண்டிருந்த வேளையில் வீட்டை விட்டு வெளியேறிக் கப்பலேறி நியூ ஹாம்ப்ஷியர் சென்றடைந்தாள். அவளைத் திரும்பக் கொணர அதிபர் சுங்க அதிகாரியின் துணையை நாடினார். அவள் அகப்படவில்லை. 1848-ஆம் ஆண்டில் மறையும்வரை எவர்க்கும் அடிமையாகாமல் வாழ்ந்தாள்.

நாட்டு மக்கள்மீது தமக்கிருந்த அதிகாரத்துக்குச் சட்டம் வகுத்த எல்லையை வாஷிங்டன் மதித்தார். தம் தோட்டத்து மக்கள்மீது அவருக்கிருந்த அதிகாரத்துக்கோ சட்டம் எல்லை வகுக்கவே இல்லை. எல்லையற்ற அதிகாரம் நல்லவர் கையிலும் தீமையே பயக்கும் என்பதற்கு அவர் வாழ்வே சான்றாயிற்று.

முதுமையில் அவர் மனம் மாறத் தொடங்கியது. 1799-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் எழுதிய உயிலில், தமக்குரிய 123 அடிமைகளும் தம் மனைவியின் காலத்துக்குப் பின் விடுதலை பெற வேண்டும் எனவும், முதியோரையும் நோயாளரையும் பேண வேண்டும் எனவும், பெற்றோரில்லாத சிறுவர்க்கு எழுத்தும் தொழிலும் கற்பிக்க வேண்டும் எனவும் விதித்தார். போர்க்களத்தில் உடனிருந்த வில்லியம் லீக்கு உடனே விடுதலையும் ஆண்டுதோறும் 30 டாலரும் வழங்கச் செய்தார். மார்த்தா அம்மையார் 1801-ஆம் ஆண்டின் முதல் நாளிலேயே அந்த 123 பேரையும் விடுவித்தார். மார்த்தாவின் முதற் கணவரின் குடும்பச் சொத்தாக வந்த ஏனையோர்க்கு அப்பேறு கிட்டவில்லை. கணவன் ஒரு கணக்கிலும் மனைவி மறு கணக்கிலும் இருந்த குடும்பங்கள் பிரிந்தன. நாடு முழுவதும் அடிமைமுறை ஒழிய 1865-ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது.

மீண்டும் திருப்பித் தந்தார்

1792-ஆம் ஆண்டில் வாஷிங்டன் இரண்டாம் முறையும் ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இத்தனை முறைதான் ஒருவர் அதிபராகலாம் என அந்நாளில் சட்டம் இல்லை. அவர் விரும்பியிருப்பின் உயிருள்ளவரை அப்பதவியில் இருந்திருக்கலாம். ஆயினும் 1796-ஆம் ஆண்டு செப்டம்பர் திங்களில், மீண்டும் போட்டியிடப் போவதில்லை எனப் பிலடெல்பியா நாளிதழ் ஒன்றின் வாயிலாக நாட்டு மக்களுக்கு அறிவித்தார். கட்சிப் பகையால் நாடு பிளவுபடலாகாது என்றும் அதில் எச்சரித்தார்.

1797-ஆம் ஆண்டு மார்ச்சு 4-ஆம் நாள் ஜான் ஆடம்ஸ் இரண்டாம் அதிபராகப் பதவி ஏற்றார். பழைய அதிபர் அருகில் இருந்து கண்டார். வாள் உருவப்படவில்லை; குருதி சிந்தவில்லை. ஆட்சி கைமாறியது. மன்னர் இறந்தாலன்றி ஆட்சி மாறாத அக்காலத்தில் இது பெரும் புதுமை. அதிபராக ஏறியவர் குடிமகனாக இறங்கித் தம் பண்ணைக்குத் திரும்பினார்.

அவர் காட்டிய வழி ஏறக்குறைய 150 ஆண்டுகள் எழுதாச் சட்டமாக நின்றது. பிராங்ளின் ரூஸ்வெல்ட் மட்டுமே 1932, 1936, 1940, 1944 ஆகிய நான்கு தேர்தல்களில் வென்றார். அதன்பின், இருமுறைக்கு மேல் எவரும் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்படலாகாது என்னும் விதி 1951-ஆம் ஆண்டில் அரசமைப்புச் சட்டத்திலேயே சேர்க்கப்பட்டது. அவர் வகுக்க உதவிய எல்லைகள் வெறும் ஏட்டுச் சுரைக்காய் அல்ல. 1974-ஆம் ஆண்டில் அதிபர் நிக்சன் ஒலிநாடாக்களை நீதிமன்றத்திடம் ஒப்படைக்க வேண்டும் என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த சில நாட்களில் அவர் பதவி துறந்தார்.

வாஷிங்டன் நெடுநாள் ஓய்வை நுகரவில்லை. 1799-ஆம் ஆண்டு டிசம்பரில் பனியிலும் மழையிலும் குதிரையேறிப் பண்ணையைச் சுற்றி வந்தவரைத் தொண்டை நோய் பற்றியது. அந்நாளைய வழக்கப்படி மருத்துவர் அவர் உடலிலிருந்து மீண்டும் மீண்டும் குருதியை வடித்தனர். டிசம்பர் 14-ஆம் நாள் இரவு, தம் 67-ஆம் வயதில் உயிர் நீத்தார். அவர் பெயரால் விளங்கும் தலைநகரில் வெள்ளை மாளிகை அப்போது முற்றுப்பெறவில்லை. தாம் தேர்ந்த இடத்தில் எழுந்த அம்மாளிகையில் அவர் ஒரு நாளும் குடியிருந்ததில்லை.

மாணவச் செல்வங்களே! வகுப்புத் தலைவன் முதல் நாட்டுத் தலைவர் வரை, பதவி என்பது நமக்குச் சொந்தமான சொத்து அன்று. பிறர் நம்மை நம்பிக் கொடுத்துவைத்த பொருள். நம் தோட்டத்துக் கோயிலின் சாவியும், தொழிற்சங்கத்தின் கணக்கேடும் அத்தகையனவே. வைத்திருக்கும்வரை பொறுப்புடன் காத்து, நாள் வந்ததும் குறைவின்றி அடுத்தவரிடம் ஒப்படைத்தல் வேண்டும். நம் சொல்லுக்கு எதிர்ச்சொல் கூற இயலாதவரிடத்தும் நாம் எவ்வாறு நடந்துகொள்கிறோம் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். முன்னதை வாஷிங்டனின் சிறப்பிலிருந்தும், பின்னதை அவர் குறையிலிருந்தும் நாம் கற்றுக்கொள்வோமாக.